தொகுத்த தரவு: காட்டுவதும் மறைப்பதும்

2013ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் காலை 7 மணி. ஜொகூர் மாநிலத்தின் மூவார் நகரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746 எனப் பதிவானது. சுமத்ராவில் பற்றி எரிந்த காடுகளிலிருந்தும் கரிச் சதுப்பு நிலங்களிலிருந்தும் எழுந்த புகை, கடலைத் தாண்டி வந்து ஊரையே மூடியிருந்தது. அன்றே மூவார், லெடாங் ஆகிய இரு மாவட்டங்களிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதற்கு இரண்டு நாள் முன்பு, சிங்கப்பூரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது.

புகைமூட்டக் காலத்தில் மக்கள் எண்ணைவிடச் சொல்லையே அதிகம் கேட்கின்றனர். குறியீடு 0 முதல் 50 வரை இருந்தால் ‘நல்ல நிலை’. 51 முதல் 100 வரை ‘மிதமான நிலை’. 101 முதல் 200 வரை ‘ஆரோக்கியமற்ற நிலை’. 201 முதல் 300 வரை ‘மிகவும் ஆரோக்கியமற்ற நிலை’. 300ஐத் தாண்டினால் ‘ஆபத்தான நிலை’. எண்ணற்ற அளவீடுகள் இவ்வாறு ஐந்து பெயர்களுக்குள் அடங்கிவிடுகின்றன. பள்ளித் திடலில் விளையாடலாமா, முகக்கவசம் அணிய வேண்டுமா என்பதை முடிவு செய்ய அந்த ஐந்து பெயர்கள் பெரும்பாலும் போதுமானவை.

ஆயினும், 301ஐப் பதிவு செய்த ஊரும் 746ஐப் பதிவு செய்த மூவாரும் ‘ஆபத்தான நிலை’ என்னும் ஒரே பெயரைத்தான் பெறுகின்றன. இரண்டுக்கும் இடையிலுள்ள 445 புள்ளி வேறுபாடு அந்தப் பெயருக்குள் மறைந்துபோகிறது. தரவுகளைத் தொகுக்கும்போது கிடைக்கும் தெளிவும் அதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் இந்த ஒரே எடுத்துக்காட்டில் தெரிகின்றன.

தொகுத்தல் என்றால் என்ன?

அளந்தோ எண்ணியோ திரட்டிய விவரங்களைத் தரவு என்கிறோம். அவற்றைத் திரட்டிய வடிவிலேயே எழுதிவைத்தால் அது தொகுக்கப்படாத தரவு. ஒரு மாதத்தின் 30 நாள்களுக்கும் உரிய காற்றுக் குறியீட்டை வரிசையாக எழுதினால் 30 எண்கள் கிடைக்கும். அவற்றைப் பார்த்தவுடன் அந்த மாதம் எப்படி இருந்தது என்று சொல்வது எளிதன்று. அதே எண்களைப் பிரிவுகளாக்கி, 18 நாள் நல்ல நிலை, 9 நாள் மிதமான நிலை, 3 நாள் ஆரோக்கியமற்ற நிலை என்று ஒரு பட்டியலாக எழுதினால், மாதத்தின் தன்மை ஒரே பார்வையில் புலப்படும். இதுவே தொகுத்த தரவு.

இப்பட்டியலில் 51 முதல் 100 வரை என்பது ஒரு பிரிவு. 51 அதன் கீழ் எல்லை. 100 அதன் மேல் எல்லை. அந்தப் பிரிவுக்குள் விழுந்த நாள்களின் எண்ணிக்கையான 9 அதன் நிகழ்வெண். பிரிவுகளை அமைக்கும்போது இரண்டு விதிகளை மறக்கக்கூடாது. ஒவ்வோர் எண்ணும் ஏதேனும் ஒரு பிரிவில் கட்டாயம் இடம்பெற வேண்டும். எந்த எண்ணும் இரண்டு பிரிவுகளில் இடம்பெறக்கூடாது. 50–100, 100–200 என்று பிரித்தால் 100 எங்கே போகும் என்ற குழப்பம் எழும். அதனால்தான் முதல் பிரிவு 100இல் முடிய, அடுத்தது 101இல் தொடங்குகிறது.

பிரிவுகளின் எண்ணிக்கையும் முக்கியமானது. பிரிவுகள் மிகக் குறைவாக இருந்தால் வேறுபாடுகள் மறைந்துவிடும். மிக அதிகமாக இருந்தால் ஒவ்வொன்றிலும் ஓரிரு எண்களே தங்கும். தொகுத்ததன் பயன் கிடைக்காது.

தொகுத்த பட்டியல் கைக்கு வந்து, மூல எண்கள் தொலைந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். மிதமான நிலையில் இருந்த 9 நாள்களின் குறியீடு என்ன? ஒன்பதும் 52ஆக இருந்திருக்கலாம். ஒன்பதும் 99ஆகவும் இருந்திருக்கலாம். பட்டியல் அதைச் சொல்லாது. அப்படியானால், தொகுத்த தரவிலிருந்து சராசரியைக் கண்டுபிடிப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ 350 ஆண்டுகளுக்கு முன்பே இரண்டு சகோதரர்கள் விடை தேடினர். அவர்கள் கையில் இருந்தது, இலண்டன் வணிகர் ஒருவர் வரைந்த பட்டியல்.

வணிகர் வரைந்த பட்டியல்

அந்த வணிகரின் பெயர் ஜான் கிரான்ட். 1620இல் இலண்டனில் பிறந்த அவர், பொத்தான், நாடா, துணிமணி போன்ற பொருள்களை விற்றுவந்தார். அக்காலத்தில் இலண்டன் நகரில் வாரந்தோறும் இறப்புப் பட்டியல் அச்சிட்டு வெளியிடப்பட்டது. கொள்ளைநோய் பரவுகிறதா என்பதை அறியவே மக்கள் அதை ஆவலோடு வாங்கினர். ஒவ்வொரு தேவாலய வட்டாரத்திலும் இறந்தவரின் உடலைப் பார்த்து, இறப்புக்கான காரணத்தைக் கூறுவதற்கு முதிய பெண்கள் நியமிக்கப்பட்டிருந்தனர். அவர்கள் கூறிய காரணங்களே அந்தப் பட்டியலில் இடம்பெற்றன.

பெரும்பாலோர் பட்டியலை வாசித்துவிட்டுத் தூக்கி எறிந்தனர். கிரான்ட் பல ஆண்டுகளின் பட்டியல்களைத் திரட்டி, கூட்டி, ஒப்பிட்டுப் பார்த்தார். தாம் கண்டவற்றை 1662இல் நூலாக வெளியிட்டார். பல்கலைக்கழகத்தில் பயிலாத அந்த வணிகரை, இலண்டனின் அரச கழகம் அதே ஆண்டில் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

இலண்டனில் பிறப்பவர்கள் எந்தெந்த வயதில் இறக்கின்றனர் என்பது கிரான்ட் எழுப்பிய கேள்விகளுள் ஒன்று. அதற்கு விடை காண்பதில் பெரிய தடை இருந்தது. அந்தக் காலப் பட்டியல்களில் இறந்தவரின் வயது குறிக்கப்படவில்லை. காரணம் மட்டுமே இருந்தது. எனவே அவர் காரணத்திலிருந்து வயதை ஊகித்தார். இருபது ஆண்டுகளில் நிகழ்ந்த 229,250 இறப்புகளை ஆராய்ந்தார். வலிப்பு, பல் முளைக்கும்போது வரும் நோய், குடற்புழு முதலியவற்றால் இறந்தவர்களைச் சிறு குழந்தைகள் என்று கொண்டார். பெரியம்மை, தட்டம்மை போன்ற நோய்களால் இறந்தவர்களில் பாதிப்பேர் ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள் என்று கருதினார். முடிவில், 100 பேரில் 36 பேர் ஆறு வயதை எட்டுவதற்கு முன்பே இறக்கின்றனர் என்று கணித்தார். எஞ்சியவர்களைப் பத்துப் பத்து ஆண்டுகளாகப் பிரித்தார்.

அவருடைய பட்டியல் இவ்வாறு அமைந்தது:

0 முதல் 6 வயது வரை: 36 பேர்
6 முதல் 16 வரை: 24 பேர்
16 முதல் 26 வரை: 15 பேர்
26 முதல் 36 வரை: 9 பேர்
36 முதல் 46 வரை: 6 பேர்
46 முதல் 56 வரை: 4 பேர்
56 முதல் 66 வரை: 3 பேர்
66 முதல் 76 வரை: 2 பேர்
76க்குப் பிறகு: 1 நபர்

மொத்தம் 100 பேர். வயது தொடர்ந்து வளரும் அளவு என்பதால், இப்பட்டியலில் ஒரு பிரிவு முடியும் இடத்திலேயே அடுத்த பிரிவு தொடங்குகிறது. ஆறாவது வயது நிறைவதற்கு முன் இறந்தவர் முதல் பிரிவிலும், நிறைவடைந்த பின் இறந்தவர் இரண்டாம் பிரிவிலும் இடம்பெறுவர்.

பட்டியலின் பல எண்கள் ஊகத்தால் பெறப்பட்டவை. இருப்பினும், ஒரு நகரத்து மக்களின் வாழ்நாளை வயதுப் பிரிவுகளாக்கி அதுவரை எவரும் இவ்வாறு காட்டியதில்லை. தனித்தனி வீடுகளில் தனித்தனித் துயரமாக இருந்த இறப்புகள், அந்தப் பட்டியலில் நகரம் முழுமைக்கும் உரிய ஓர் உண்மையாக வடிவெடுத்தன.

சகோதரர் இருவர், விடைகள் இரண்டு

1669இல் இந்தப் பட்டியல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரு சகோதரர்களின் கடிதங்களில் விவாதப் பொருளானது. ஒருவர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ். ஊசல் கடிகாரத்தை உருவாக்கியவரும் சனிக்கோளின் டைட்டன் என்னும் துணைக்கோளைக் கண்டறிந்தவரும் அவரே. மற்றவர் அவருடைய தம்பி லோடவைக். புதிதாகப் பிறந்த ஒரு குழந்தை எத்தனை ஆண்டுகள் வாழும் என்று எதிர்பார்க்கலாம் என்பதே அவர்களின் கேள்வி.

முதலில் கணக்கிட்டவர் லோடவைக். முதல் பிரிவில் இறந்த 36 பேரும் சரியாக எந்த வயதில் இறந்தனர் என்பது தெரியாது. சிலர் பிறந்த சில நாள்களில் இறந்திருப்பர். சிலர் ஐந்து வயதில் இறந்திருப்பர். அதனால் அவர்கள் அனைவரையும் பிரிவின் நடுவில் வைத்துக் கணக்கிட்டார். 0க்கும் 6க்கும் நடுவில் இருப்பது 3. எனவே 36 பேரும் தலைக்கு 3 ஆண்டுகள் வாழ்ந்ததாகக் கொண்டால் 108 ஆண்டுகள். அடுத்த பிரிவின் நடுப்புள்ளி 11. 24 பேருக்கு 264 ஆண்டுகள். மூன்றாம் பிரிவின் நடுப்புள்ளி 21. 15 பேருக்கு 315 ஆண்டுகள். இவ்வாறே தொடர்ந்து 279, 246, 204, 183, 142 ஆகிய பெருக்குத்தொகைகள் கிடைத்தன. கடைசிப் பிரிவில் இருந்த ஒருவருக்கு அவர் 81 ஆண்டுகள் கொடுத்தார். அனைத்தையும் கூட்டினால் 1,822 ஆண்டுகள். அதை 100ஆல் வகுத்தால் 18.22. அதாவது, சராசரி வாழ்நாள் ஏறத்தாழ 18 ஆண்டுகள் 2 மாதங்கள்.

இன்று பள்ளிகளில் கற்பிக்கப்படும் முறையும் இதுதான். ஒவ்வொரு பிரிவின் நடுப்புள்ளியையும் அதன் நிகழ்வெண்ணால் பெருக்க வேண்டும். பெருக்குத்தொகைகளைக் கூட்டி, மொத்த நிகழ்வெண்ணால் வகுக்க வேண்டும். கிடைக்கும் விடை உண்மையான சராசரியன்று; அதன் மதிப்பீடு மட்டுமே. பிரிவுக்குள் உள்ள எண்கள் நடுப்புள்ளியின் இருபுறமும் ஏறக்குறைய சமமாகப் பரவியிருந்தால் மதிப்பீடு உண்மைக்கு அருகில் இருக்கும். ஒரு பக்கமாகக் குவிந்திருந்தால் விலகிப்போகும். மிகச் சிறு குழந்தைகளே அதிகம் இறந்திருந்தால், முதல் பிரிவுக்கு 3 என்ற நடுப்புள்ளி சற்று மிகையானதாகவே இருக்கும்.

அண்ணன் கிறிஸ்டியான் அதே பட்டியலை வேறு விதமாகப் பார்த்தார். வயதை ஒரு திசையிலும் அந்த வயதில் உயிரோடு எஞ்சியிருப்பவர்களின் எண்ணிக்கையை மறுதிசையிலும் குறித்து ஒரு வளைகோட்டை வரைந்தார். நூறு பேரில் சரிபாதியான 50 பேர் எஞ்சியிருக்கும் வயது எது என்பதை அந்தக் கோட்டில் தேடினார். அவருக்குக் கிடைத்த விடை ஏறத்தாழ 11 வயது.

தம்பிக்கு 18, அண்ணனுக்கு 11. யாருடைய விடை சரி?

கிறிஸ்டியான் தேடியதை இன்று நடுவெண் என்கிறோம். அதை வரைபடம் இல்லாமலும் கணக்கிடலாம். அதற்கு நிகழ்வெண்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிக் குவிவு நிகழ்வெண்ணைக் காண வேண்டும். 6 வயது வரை 36 பேர். 16 வயது வரை 60 பேர். ஐம்பதாவது நபர் 6க்கும் 16க்கும் இடையில் இருக்கிறார் என்பது இதிலிருந்து உறுதியாகிறது. ஐம்பதை எட்ட 36க்குப் பிறகு இன்னும் 14 பேர் தேவை. இந்தப் பிரிவில் பத்து ஆண்டுகளில் 24 பேர் இறக்கின்றனர். அவர்கள் ஆண்டுதோறும் ஒரே அளவில் இறப்பதாகக் கொண்டால், 14 பேருக்கு 14ஐ 24ஆல் வகுத்துப் பத்தால் பெருக்க வேண்டும். அது 5.83 ஆண்டுகள். அதை 6உடன் கூட்டினால் 11.83 கிடைக்கும்.

கிறிஸ்டியானின் விடை இதைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அவர் வரைந்தது நேர்கோடன்று, வளைகோடு. சிறு வயதில் இறப்பு அதிகம், வளர வளரக் குறையும் என்பதை வளைகோடு கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதனால் பாதி எண்ணிக்கை சற்று முன்னதாகவே வந்துவிடுகிறது. பட்டியல் ஒன்றே, பிரிவுக்குள் மறைந்திருப்பதைப் பற்றிய ஊகம் மாறினால் விடையும் மாறுகிறது.

தம்பியின் சராசரியும் அண்ணனின் நடுவெண்ணும் பெரிதும் வேறுபடுவதற்கோ காரணம் வேறு. 60, 70 வயது வரை வாழ்ந்த சிலரின் நீண்ட ஆண்டுகள் சராசரியை மேலே இழுத்துவிடுகின்றன. நடுவெண் அவ்வாறு இழுபடாது. சராசரி 18 என்றவுடன் பெரும்பாலோர் 18 வயதுவரை வாழ்ந்தனர் என்று எண்ணத் தோன்றும். பட்டியலோ 100 பேரில் 60 பேர் 16 வயதைக்கூடக் காணவில்லை என்கிறது.

இரண்டு விடைகளும் சரியானவை; ஆனால் அவை இருவேறு கேள்விகளுக்கு உரியவை என்பதைக் கிறிஸ்டியான் உணர்ந்து எழுதினார். அக்காலத்தில் நெதர்லாந்தில், மொத்தமாக ஒரு தொகையைச் செலுத்துபவருக்கு அவர் உயிரோடு இருக்கும்வரை ஆண்டுதோறும் பணம் வழங்கும் திட்டம் இருந்தது. பலருக்கும் சேர்த்து மொத்தம் எத்தனை ஆண்டுகள் பணம் கொடுக்க நேரும் என்று அறியச் சராசரி வேண்டும். ஒரு குழந்தை குறிப்பிட்ட வயதைத் தாண்டுவதற்கும் தாண்டாமல் போவதற்கும் சம வாய்ப்பு உள்ள வயது எது என்று அறிய நடுவெண் வேண்டும்.

பிரிவுகளின் அகலம் வேறுபடும்போது

கிரான்டின் பட்டியலில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. முதல் பிரிவின் அகலம் 6 ஆண்டுகள். அடுத்தடுத்த பிரிவுகளின் அகலம் 10 ஆண்டுகள். முதல் பிரிவில் 36, இரண்டாம் பிரிவில் 24 என்று மட்டும் பார்த்தால், முதலாவது இரண்டாவதைப்போல் ஒன்றரை மடங்கு எனத் தோன்றும். ஆனால் 36 இறப்புகளும் ஆறே ஆண்டுகளில் நிகழ்ந்தவை. ஓர் ஆண்டுக்கு எத்தனை என்று கணக்கிட்டால், முதல் பிரிவில் 6 பேர். இரண்டாம் பிரிவில் 2.4 பேர். உண்மையான வேறுபாடு இரண்டரை மடங்கு.

இதனால்தான், அகலம் வேறுபடும் பிரிவுகளுக்குச் செவ்வகப் படம் வரையும்போது நிகழ்வெண்ணை அப்படியே உயரமாகக் கொள்ளக்கூடாது. நிகழ்வெண்ணைப் பிரிவின் அகலத்தால் வகுத்து, கிடைக்கும் எண்ணை உயரமாகக் கொள்ள வேண்டும். அப்போது செவ்வகத்தின் பரப்பு நிகழ்வெண்ணைச் சரியாகக் காட்டும். காற்றுக் குறியீட்டின் பிரிவுகளிலும் இதே வேறுபாடு உண்டு. முதல் இரண்டு பிரிவுகள் ஏறத்தாழ 50 புள்ளி அகலம் கொண்டவை. அடுத்த இரண்டும் 100 புள்ளி அகலம் கொண்டவை.

கடைசிப் பிரிவுக்கு அகலமே இல்லை. அது ‘300க்கு மேல்’ என்று மட்டும் சொல்லி நிற்கிறது. இத்தகைய பிரிவு திறந்த பிரிவு எனப்படும். மேல் எல்லை இல்லாததால் அதற்கு நடுப்புள்ளியும் இல்லை. கிரான்டின் பட்டியலில் 76க்குப் பிறகு இருந்தவர் ஒருவரே. லோடவைக் அவருக்கு 81 ஆண்டுகளுக்குப் பதிலாக 100 ஆண்டுகள் கொடுத்திருந்தாலும் சராசரி 18.22இலிருந்து 18.41ஆகத்தான் உயர்ந்திருக்கும். திறந்த பிரிவில் அதிகம் பேர் இருந்தால் நிலைமை வேறு. அப்போது சராசரியை நம்புவதைவிட நடுவெண்ணை நம்புவதே மேல். ஏனெனில், நடுவெண் அந்தத் திறந்த பிரிவுக்குள் விழாதவரை, அங்கே எவ்வளவு பெரிய எண் இருந்தாலும் அது மாறாது.

கோடும் கோட்டருகில் இருப்பவரும்

கல்வி அமைச்சின் வழிகாட்டியின்படி, மலேசியப் பள்ளிகளில் காற்றுக் குறியீடு 100ஐ எட்டினால் வெளிப்புற நடவடிக்கைகள் நிறுத்தப்பட வேண்டும். 200ஐ எட்டினால் பள்ளி மூடப்பட வேண்டும். நாடு முழுவதிலும் உள்ள ஆயிரக்கணக்கான பள்ளிகள் குழப்பமின்றிச் செயல்பட இத்தகைய தெளிவான கோடு தேவை. கோடு இல்லாவிட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பள்ளியிலும் வாதம் எழும்.

ஆனால் புகை அந்தக் கோட்டை அறியாது. 99 என்ற குறியீட்டில் திடலில் ஓடும் மாணவரும், 101 என்ற குறியீட்டில் வகுப்பறைக்குள் அமர்ந்திருக்கும் மாணவரும் சுவாசிக்கும் காற்றில் பெரிய வேறுபாடு இல்லை. அதே வேளையில் 101க்கும் 199க்கும் இடையில் பெரும் வேறுபாடு உண்டு. இரண்டும் ஒரே பிரிவில் இருக்கின்றன. ஆஸ்துமா உள்ள மாணவருக்கு 95 என்பதே மூச்சுத்திணறலைத் தரலாம். பட்டியல் அவரை ‘மிதமான நிலை’யில் வைத்திருக்கும். அவருடைய ஆசிரியரும் பெற்றோரும் பிரிவின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல் எண்ணையும், எண்ணுக்கு மேலாக அவரையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

தொகுத்த தரவின் குறை என்று இதைக் கூற முடியாது. அது அதன் இயல்பு. வரைபடம் ஊரைக் காட்டும். ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டின் கதவையும் காட்டாது. அதற்காக எவரும் வரைபடத்தைக் கிழித்தெறிவதில்லை. அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று அறிந்து பயன்படுத்துகின்றனர்.

எனவே தொகுத்த பட்டியல் ஒன்றைக் காணும்போது சில கேள்விகளைக் கேட்பது நல்லது. பிரிவுகளின் எல்லைகள் எங்கே வரையப்பட்டுள்ளன? அவற்றின் அகலம் சமமாக உள்ளதா? திறந்த பிரிவு இருக்கிறதா? கொடுக்கப்பட்டுள்ள விடை சராசரியா, நடுவெண்ணா? அந்த விடையைப் பெற, பிரிவுக்குள் இருப்பவற்றைப் பற்றி எதை ஊகித்தனர்? இவற்றுக்கு விடை தெரிந்தவரைப் பட்டியல் ஏமாற்றுவது கடினம்.

கிரான்டின் பட்டியலில் முதல் வரியில் இருக்கும் 36 என்ற எண்ணுக்குள் எவருடைய பெயரும் இல்லை. அந்தக் குழந்தைகள் பிறந்த தெருவும் இல்லை. இறந்த நாளும் இல்லை. அவற்றையெல்லாம் விட்டுவிட்டதால்தான் அந்த எண் கிடைத்தது. அந்த எண் கிடைத்ததால்தான், ஒரு நகரம் தன் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேலானோரை ஆறு வயதுக்குள் இழந்துகொண்டிருந்தது என்பது எல்லாருக்கும் தெரியவந்தது.